பம்பாயின் தலைவாசலில் ஒரு மாளிகை

முன்னுரை

நல்ல சமாரியன் உவமையை நாம் அனைவரும் அறிவோம். வழியில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிச் சென்ற சமாரியனைப் போற்றுகிறோம். ஆனால் அந்தக் காயப்பட்டவரை ஏற்றுக் காத்த சாவடிக்காரரை நாம் நினைப்பதே இல்லை. அவர் பெற்ற கூலி இரண்டு தெனாரியம். விடுதி நடத்துவது ஒரு தொழில்தான். ஆயினும் அத்தொழிலில் தொண்டுக்கும் இடம் உண்டு. இதற்குச் சான்றாக நிற்கிறது பம்பாயின் தாஜ்மகால் ஓட்டல். 1995 முதல் அந்நகரம் மும்பை என வழங்கப்படுகிறது.

நோயுற்ற நகரில் பிறந்த விடுதி

1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உயிருக்கு அஞ்சிப் பலர் ஊரைவிட்டே ஓடினர், வணிகம் நலிந்தது. அத்தகைய நாளில்தான் ஜாம்ஷெட்ஜி டாட்டா என்னும் பார்சித் தொழிலதிபர், அப்போலோ பந்தர் துறையருகே மாபெரும் விடுதி ஒன்றைத் தம் சொந்தப் பணத்தில் கட்ட முனைந்தார். வெள்ளையர் விடுதி ஒன்று அவரை உள்ளே விட மறுத்ததே இதற்குக் காரணம் என்று ஒரு கதை உண்டு. ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. நொந்துபோன தம் நகரம் மீண்டும் தலைநிமிர வேண்டும் என்னும் அன்பே அவரைத் தூண்டியது என்பர்.

கட்டடக் கலைஞர் சீதாராம் வைத்யா வரைபடம் தீட்டினார். வேலை முடியுமுன் அவர் காலமாகவே, டி. என். மிர்சாவும் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயரும் பணியைத் தொடர்ந்தனர். 1903 டிசம்பர் 16-ஆம் நாள் விடுதி திறக்கப்பட்டது. மின்விளக்கு ஒளியைக் காண மக்கள் வியப்புடன் கூடினர். ஜாம்ஷெட்ஜியோ அடுத்த ஆண்டு மே மாதமே இறைவனடி சேர்ந்தார்.

கண்ட காட்சிகள்

இந்திய நுழைவாயிலைக் காவல் காக்கவே இம்மாளிகை எழுந்தது போலத் தோன்றும். உண்மையில் மாளிகையே மூத்தது. நுழைவாயில் 1924-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் துறைமுகம் நோக்கி வந்த கப்பல்களுக்கு விடுதியின் பெரிய குவிமாடமே அடையாளமாயிற்று.

முதல் உலகப் போரின்போது இது 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று. விருந்தினர் உலவிய கூடங்களில் காயமுற்ற வீரர்கள் படுத்திருந்தனர். பின்னர் கவிக்குயில் சரோஜினி நாயுடு இங்கே தங்கி விடுதலை இயக்கத்தவரைச் சந்தித்தார். 1948 பிப்ரவரி 28-இல் கடைசி ஆங்கிலப் படையினர் நுழைவாயில் வழியே நடந்து கப்பலேறிய காட்சியும் இதன் முன்னேதான் நிகழ்ந்தது.

சோதனை நாள்

2008 நவம்பர் 26-ஆம் நாள் இரவு பயங்கரவாதிகள் நகரின் பல இடங்களைத் தாக்கினர். இவ்விடுதியில் மட்டும் 31 பேர் உயிரிழந்தனர். குவிமாடத்தின் கீழ்த் தீ கொழுந்துவிட்டு எரிந்ததை உலகமே கண்டது.

அவ்விரவில் ஊழியர்களுக்குப் பின்வழிகள் நன்கு தெரியும். தப்பிச் செல்ல அவர்களால் முடியும். ஆயினும் அவர்கள் விருந்தினரை விட்டுப் போகவில்லை. தொலைபேசி இயக்குவோர் தம் இடத்திற்குத் திரும்பி, கதவைத் தாழிடுமாறும் விளக்கை அணைக்குமாறும் அறைதோறும் எச்சரித்தனர். சமையற்காரர்கள் விருந்தினரைச் சமையற்கட்டு வழியாக அழைத்துச் சென்றனர். அவர்களில் சிலர் குண்டுக்கு இரையாயினர். விருந்து ஏற்பாட்டைக் கவனித்த 24 வயதுப் பெண் ஒருவர், மாடி மண்டபத்தில் இருந்தோரை மேசைகளுக்கடியில் அமைதியாகப் படுக்கச் செய்து விடியும்வரை தேற்றினார். தீயணைப்போர் ஏணி வைத்தபோது விருந்தினரையே முதலில் இறக்கினார். அக்கூட்டத்தில் ஒருவரும் மாளவில்லை.

எரிந்த பழைய மாளிகை செப்பனிடப்பட்டு, 2010 ஆகஸ்டு 15-இல், விடுதலைத் திருநாளன்றே, மீண்டும் திறக்கப்பட்டது. மாண்ட 31 பேரின் பெயர்களும் உள்ளே பொறிக்கப்பட்டுள்ளன.

முடிவுரை

இவ்விடுதியில் தங்க எளியோரால் இயலாது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. செல்வர் தரும் பணத்திற்கு நல்ல அறையும் நல்ல உணவும் கிடைக்கும். ஆனால் அவ்விரவு ஊழியர் காட்டிய அன்பு எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. கல்லும் குவிமாடமும் நகருக்கு அழகு தரும். கூலிக்கு மேல் செய்யும் தொண்டே பெருமை தரும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தது சும்மாவா?

தோழியரே! நாளை நாம் செவிலியராகலாம், ஆசிரியையாகலாம், அலுவலகத்தில் தொலைபேசியும் இயக்கலாம். எங்கிருப்பினும் நம்மை நாடி வருவோரைக் காக்கும் சாவடிக்காரராக இருப்போம்.