காது அரிப்பு என்று வருகிறவரிடம்

1. தம்பி, காது அரிக்கிறது என்று வந்து உட்காருகிறவர் பட்ஸ், ஹேர்பின், சாவி என்று எதையாவது விட்டுக் குடைந்திருப்பார். திட்டாதே. திட்டு வாங்கியவர் அடுத்த முறை உண்மையைச் சொல்லமாட்டார். அரித்து ராத்தூக்கம் கெட்டவருக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும். குடையக் குடையத் தோல் புண்ணாகி அரிப்பு கூடுகிறது என்பதை நிதானமாக எடுத்துச் சொல்.

2. காதுக்குள் எட்டிப் பார்க்குமுன் ஆளை முழுசாகப் பார். தலையில் பொடுகு, காதுக்குப் பின்னால் வெடிப்பு, முழங்கையில் செதில். மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டும் தீராத ஒரு டீச்சரம்மா என்னிடம் வந்தார். மேஜைமேல் வைத்திருந்த அவர் விரல்களைப் பார்த்தேன். நகங்களில் சின்னச் சின்னக் குழிகள். சொரியாசிஸ். காதில் இருந்ததும் அதுதான்.

3. சுத்தம் செய்யாமல் மருந்து எழுதாதே. காதுக்குழாய் மொத்தமே சுமார் 2.5 செ.மீ. அதன் உட்பகுதியில் மெல்லிய தோல் எலும்போடு ஒட்டிக் கிடக்கிறது; லேசாக உரசினாலும் உயிர் போகும். செதிலும் கசிவும் அடைத்திருந்தால் மருந்து தோலைத் தொடாது. அவசரப்படாமல் உறிஞ்சி எடு. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். இருந்தால் ஜென்டாமைசின், நியோமைசின் சொட்டுகள் உள்காதைக் கெடுத்துவிடலாம்.

4. ஸ்டீராய்டு சொட்டு அரிப்பைச் சட்டென்று அடக்கும். அதனாலேயே மனிதர்கள் அதை விடமாட்டார்கள். எத்தனை சொட்டு, எத்தனை நாள், என்றைக்கு நிறுத்துவது, மூன்றையும் சீட்டில் எழுது. இஷ்டத்துக்கு விட்டால் தோல் மெலியும், பூஞ்சை குடியேறும். நனைந்த செய்தித்தாளைப் போல் கறுப்புப் புள்ளிகளோடு காது அடைத்திருந்தால் பூஞ்சை என்று அறி.

5. மருந்து விட விடச் சிவந்து, மடல்வரை கசிகிறதா? அளவைக் கூட்டாதே, நிறுத்து. நியோமைசின் பலருக்கு ஒவ்வாது. மருந்தே நோயாகியிருக்குமோ என்ற சந்தேகம் வைத்தியனுக்கு அழகு.

6. சொட்டு விடும் விதத்தை நீயே செய்து காட்டு. பாட்டிலை உள்ளங்கையில் கொஞ்சம் வைத்திருக்கச் சொல்; ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் சொட்டு விட்டு, 5 நிமிடம் அப்படியே கிடக்கட்டும்.

7. சர்க்கரை உள்ள வயதானவர் ராத்திரி முழுக்க வலி என்றால், அதை அரிப்புக் கணக்கில் சேர்க்காதே. கிருமி எலும்புவரை போயிருக்கலாம். சொட்டு மருந்தோடு வீட்டுக்கு அனுப்பாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு.