தைத்துக் கட்டும் படகு

கேள்வி: மரக் கயாக் கிட் வாங்கி வீட்டிலேயே படகு செய்யலாம் என்கிறார்கள். கடலில்லாத ஊரில், தச்சுவேலை தெரியாதவருக்கு இது ஆகிற காரியமா? (வாசகர், ராஜபாளையம்)

பதில்: ஆகும். கிட்டில் பிளைவுட் பலகைகள் அளவாக வெட்டப்பட்டே வருகின்றன. அவற்றின் ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளை எபாக்ஸி பிசினாலும் கண்ணாடி இழை நாடாவாலும் இறுக்குவதுதான் முக்கிய வேலை. 1963இல் இங்கிலாந்தின் டெய்லி மிரர் பத்திரிகை ஆதரவில் வந்த மிரர் பாய்மரப் படகு இம்முறையைப் பரப்பியது. அதைத் தங்கள் வீடுகளில் கட்டியவர்களில் பலர் தச்சர்கள் அல்லர். நமக்கும் இது அந்நியமன்று. சோழமண்டலக் கரையின் மசுலாப் படகுகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது உடையாமல் வளைந்துகொடுத்தன. கயாக்கில் தையல் பலகைகளைப் பிடித்துவைக்க மட்டுமே, பலம் பிசினில் இருக்கிறது. ஆகவே கவனம் வேண்டிய இடம் உளியல்ல, பிசின்தான். நம் வெயிலில் கலந்த எபாக்ஸி கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். வெயில் அதை அரிக்கும் என்பதால் மேலே வார்னிஷ் கட்டாயம்.

பிளாஸ்டிக் கயாக் வாங்கினால் போதாதா? போதும், ஆனால் அது பெரும்பாலும் கனம் கூடியது. தண்ணீர் தேடிப் படகைச் சுமக்கவேண்டிய ஊரில் எடைதான் முதல் கணக்கு. கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையில்தான் நிறையும்; கோடையில் கட்டத் தொடங்கினால் காலம் பொருந்தும். ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாயானாலும் பிளவக்கல் அணையானாலும் முன் அனுமதி கேளுங்கள். மலையடிவாரம் 2021 முதல் புலிகள் காப்பகம் என்பதால் அங்கே வனத்துறையின் சொல்லே முடிவு. மிதவை அங்கி இல்லாமல் இறங்கவேண்டாம்.