மூத்த சுண்டெலிக்குப் புதிய தோழிகள்: வீட்டுக் கூண்டிலிருந்து ஒரு நடத்தைப் பாடம்

விலங்குகளின் நடத்தை பற்றிக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் தேனீ, யானை, சிங்கம் என்றே எடுத்துக்காட்டுத் தேடுகிறோம். மாணவர் தினமும் உற்றுநோக்கக்கூடிய வளர்ப்பு விலங்கு வீட்டிலேயே இருப்பதை மறந்துவிடுகிறோம். மணப்பாட்டில் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் நான், மாணவி ஒருவரின் கேள்வியிலிருந்து உருவாக்கிய செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன்.

அவர் வீட்டில் இரண்டு பெண் வெள்ளைச் சுண்டெலிகள் வளர்ந்தன. ஒன்று இறந்துவிட்டது. மற்றொன்றுக்கு வயது ஒன்றரை. “டீச்சர், ஒத்தையிலயே கெடக்கு. புதுசா வாங்கி விட்டா சேத்துக்கிடுமா, கடிச்சுப் போட்டுருமா?” என்று கேட்டார். உடனே பதில் சொல்லாமல், கேள்வியை வகுப்பு முழுவதற்கும் உரியதாக்கினேன்.

கற்றல் விளைவுகள்

• கொறித்துண்ணிகளைப் பிற சிறு பாலூட்டிகளிலிருந்து வேறுபடுத்துதல்.
• கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனியே பதிவு செய்தல்.
• ஓர் உயிரின் நலனைக் கருதிச் சான்றின் அடிப்படையில் முடிவெடுத்தல்.

எலியா, சுண்டெலியா, மூஞ்சூறா?

பேச்சுவழக்கில் எல்லாமே ‘எலி’தான். இங்கே அந்தக் குழப்பம் ஆபத்தானது. வளர்ந்த சுண்டெலியின் எடை சுமார் 20 முதல் 40 கிராம். வளர்ந்த வெள்ளெலியோ 250 கிராமைத் தாண்டும். எலி சுண்டெலியைக் கொல்லக்கூடியது. ஆகவே இரண்டையும் ஒரே கூண்டில் விடக்கூடாது. மூஞ்சூறு கொறித்துண்ணியே அல்ல. பூச்சிகளை உண்ணும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. மூன்றின் மூக்கு, காது, வால் ஆகியவற்றை ஒப்பிட்டு வரையச் செய்தால் வகைப்பாட்டுப் பாடம் எளிதாகிவிடும்.

மணத்தால் ஆன உலகம்

மணம் உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக்களில் செயல்படுபவை மனிதரிடம் ஏறத்தாழ 400. சுண்டெலியிடம் ஆயிரத்துக்கும் மேல். இது யார், ஆணா பெண்ணா, நம் கூட்டத்தைச் சேர்ந்ததா என்பதையெல்லாம் அது சிறுநீரின் மணத்தால் அறிகிறது. ஆண் சுண்டெலியின் சிறுநீரில் பெண்ணை ஈர்க்கும் ஒரு புரதம் இருப்பதை இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டனர். அதற்கு ‘டார்சின்’ என்று பெயரிட்டனர்.

மனிதச் செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். சுண்டெலிகள் அதற்கும் மேலான மீயொலியில் தமக்குள் பேசிக்கொள்கின்றன. அதனால் கூண்டு அமைதியாக இருக்கிறது என்று நாம் சொல்வது நம் காதின் அளவுக்கு மட்டுமே உண்மை. ஒலி பற்றிய பாடத்துடன் இதை இணைக்கலாம்.

வாங்கும் முன் விவாதிக்க வேண்டியவை

குழுக்களிடம் நான்கு வினாக்களைத் தந்தேன்.

1. மூத்தது ஆணா, பெண்ணா? பெண்கள் கூட்டமாக வாழும். வளர்ந்த ஆண்கள் அறிமுகமற்ற ஆணைக் கடுமையாகத் தாக்கும். மூத்தது ஆண் எனில் புதிய ஆணைச் சேர்க்கக்கூடாது.

2. அது நலமாக இருக்கிறதா? சுண்டெலியின் ஆயுள் சுமார் இரண்டு ஆண்டுகள். ஒன்றரை வயது என்பது முதுமை. மெலிவு, மூச்சிரைப்பு, கட்டி இருந்தால் புதியவற்றின் துள்ளலை அது தாங்காது. கூடு கட்டக் காகிதமும் மென்மையான உணவும் நம் அன்றாடக் கவனிப்புமே போதும்.

3. ஒன்றா, இரண்டா? ஒரே வயதுடைய இரண்டு இளம் பெண்களே நல்லது. அவை தமக்குள் விளையாடும். மூத்ததன் மீது விழும் தொல்லை குறையும். மூத்தது இறந்த பின்னும் ஒன்று தனித்து நிற்காது. ஆனால் குடும்பம் இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுப்பேற்க வேண்டும்.

4. தவறுதலாக ஓர் ஆண் வந்துவிட்டால்? ஆறு வாரத்தில் பருவமடையும். கருக்காலம் 19 முதல் 21 நாள். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் பிறப்பது இயல்பு. ஆறு மாதத்தில் எத்தனை ஆகும் என்று கணக்கிடச் சொன்னேன். வலையைக் கடித்துச் சேதப்படுத்தும் எலிகளோடு மல்லுக்கட்டும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த விடையின் பொருளை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாலினத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்தல் கட்டாயம்.

அறிமுகப்படுத்தும் படிகள்

முதல் இரண்டு வாரங்கள்: புதியவை வேறு கூண்டில், இயன்றால் வேறு அறையில் இருக்கட்டும். தும்மல், சொறி, கழிச்சல் உண்டா என்று பார்க்க வேண்டும்.

சந்திக்கும் நாள்: இருவருக்கும் உரிமை இல்லாத, கழுவி உலர்த்திய சிறு பெட்டியில் மூன்றையும் விட வேண்டும். காகிதத் துணுக்கு மட்டும் போதும். சுழல் சக்கரமோ வீடோ வைத்தால் அதற்கே சண்டை வரும்.

அடுத்த நாள்கள்: அமைதி நிலவினால், நன்றாகக் கழுவிய பெரிய கூண்டுக்கு மாற்றலாம். உணவு இரண்டு இடங்களில். ஒளிவிடத்துக்கு இரண்டு வாசல்கள். பொருள்களை ஒவ்வொன்றாக, நாள் இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும்.

துரத்துதல், மேலேறி அமுக்குதல், சிறு கீச்சொலி ஆகியவை தரவரிசையை முடிவு செய்யும் இயல்பான நடத்தைகள். ஒவ்வொரு முறையும் பிரித்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வாலை விடாமல் படபடவென அடிப்பது எச்சரிக்கை. இரத்தம் கண்டாலோ, ஒன்று உணவருகே வர முடியாமல் போனாலோ உடனே பிரிக்க வேண்டும்.

நம் ஊருக்கான குறிப்புகள்: கடற்கரை மணலைப் படுக்கையாக இடக்கூடாது, அது உப்பும் ஈரமும் கொண்டது. மீன் இருக்கும் தெருவில் பூனைகளும் இருக்கும். மூடி இறுக்கமான கூண்டு வேண்டும். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழா போல வீட்டில் உறவினர் நிறையும் நாள்களில் அறிமுகம் வேண்டாம்.

பதிவேடு

நேரம், கண்டது, ஊகித்தது என மூன்று பத்திகள் போதும். மாணவர் முதலில் ‘கண்டது’ என்னும் பத்தியில் “பொறாமைப்பட்டது” என எழுதுவர். “எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?” என்று கேட்டால் “வாலை அடித்தது, முதுகு மயிர் சிலிர்த்தது” என்று திருத்துவர். அங்கேதான் அறிவியல் தொடங்குகிறது.

அந்த மாணவியின் பதிவேட்டில் முதல் நாள் முழுவதும் துரத்தல்தான். ஐந்தாம் நாள், “பெரியது தனியாகத் தூங்குகிறது” என்று இருந்தது. ஒன்பதாம் நாள், “மூன்றும் ஒரே கூட்டில், பெரியது நடுவில்” என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். ‘ஊகித்தது’ பத்தியை வெறுமையாக விட்டிருந்தார். “இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு எழுதுறேன் டீச்சர்” என்றார்.

பாதுகாப்பு

சுண்டெலியை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். பயணமும் கூச்சலும் அதற்குத் துன்பம், சில மாணவருக்கு ஒவ்வாமையும் வரலாம். வீட்டு எலிகளைப் பிடித்து வளர்க்கவே கூடாது. அவற்றின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். கூண்டைத் தொட்டபின் சோப்பால் கை கழுவுதல் கட்டாயம். விலங்குகளைத் துன்புறுத்துவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லுங்கள்.

மதிப்பீடு

1. பழைய கூண்டைக் கழுவாமல் புதியவற்றை உள்ளே விட்டால் என்ன நிகழும்? ஏன்?
2. நோயுற்ற மூத்த சுண்டெலிக்குத் துணை வாங்க உன் நண்பன் விரும்புகிறான். அவனுக்கு என்ன சொல்வாய்?
3. உன் வீட்டுக் கோழி அல்லது ஆட்டுக் கூட்டத்தில் புதியது சேர்ந்தபோது கண்டவற்றை ஐந்து வரிகளில் எழுதுக.

கூண்டு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் மூன்றாம் வினா பொருந்தும். என் வகுப்பில் மிக நீண்ட விடைகள் வந்தது அதற்குத்தான்.