முன் ஸ்பிரிங் மாத்தப் போறீங்களா? ஒரு எம்.ஜி.பி. கணக்கு

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் காயில் ஸ்பிரிங் டெஸ்ட் செய்து, ரீடிங் எடுத்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காதவர் நம்மில் யாரும் இல்லை. "இந்த ஃபார்முலா எல்லாம் எங்கே உபயோகப்படப் போகுது?" என்று முணுமுணுக்காதவரும் இல்லை. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு முன் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க அந்த ஒரே ஃபார்முலா போதும் என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை.

நான் எடுத்துக்கொண்ட கார் எம்.ஜி.பி. இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. கூரை இல்லாதது ரோட்ஸ்டர். 1965-இல் வந்த கூரை வைத்த மாடல் ஜி.டி. பின்னால் நம்ம ஊர் லாரி, ஜீப் மாதிரி லீஃப் ஸ்பிரிங். முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாகக் காயில் ஸ்பிரிங். அதன் அடிப்பக்கம் கீழ் விஷ்போனில் பொருத்திய தட்டில் உட்காரும், மேல்பக்கம் கிராஸ் மெம்பரில் முட்டும். மேல் விஷ்போன் என்று தனியாகக் கிடையாது. லீவர் டைப் ஷாக் அப்சார்பரின் கையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. சிக்கனமான டிசைன்!

இந்தக் கார்களில் கடைசியாக வந்ததுக்கே நாற்பது வயது தாண்டிவிட்டது. முன்பக்கம் தாழ்ந்து போவது சகஜம். உடனே "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு" என்பார்கள். இந்த வார்த்தையில்தான் முதல் குழப்பம். ஸ்பிரிங்கின் விறைப்பு, அதாவது ஒரு அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு வேண்டும் என்கிற ரேட், நான்கு விஷயங்களைப் பொறுத்தது: கம்பியின் விட்டம், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகள், உலோகத்தின் மாடுலஸ் ஆஃப் ரிஜிடிட்டி. வயசானால் இதில் எது மாறுகிறது? துரு தின்னாத வரை எதுவும் இல்லை. மாறுவது சும்மா இருக்கும்போது உள்ள நீளம் மட்டுமே. பழைய ஸ்பிரிங் குட்டையாகிறது, மிருதுவாவதில்லை. அதனால் தாழ்ந்த காருக்கு "இன்னும் டைட்டான" ஸ்பிரிங் தேடுவது தலைவலிக்கு வயித்து மாத்திரை சாப்பிடுகிற கதைதான்.

வாங்குவதற்கு முன் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். முன் இடது பக்கம் தாழ்ந்திருந்தால் குற்றவாளி முன் இடது ஸ்பிரிங்தான் என்று அர்த்தமில்லை. பின் இடது லீஃப் தொய்ந்திருந்தாலும் முன் இடது தாழும். சமதரையில் நிறுத்தி, பின் ஆக்ஸிலின் நடுவில் ஜாக் கொடுத்து, இரண்டு பின் டயரும் தரையை விட்டு எழும்பும்படி தூக்குங்கள். இப்போது முன்பக்கம் நேராகிவிட்டால் கோளாறு பின்னால்! அளக்கும்போது தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். ரோட்ஸ்டரின் ஒரிஜினல் முன் ஸ்பிரிங்: கம்பி விட்டம் 0.498 அங்குலம், சுருளின் சராசரி விட்டம் 3.238 அங்குலம், வேலை செய்யும் சுற்று 7½, சும்மா இருக்கும்போது நீளம் 9.9 அங்குலம். ஃபார்முலாவில் போட்டால் ரேட் சுமார் 348 பவுண்டு வரும். ஜி.டி.யின் ஸ்பிரிங்: கம்பி 0.540, சுருள் 3.28, சுற்று 7.2, நீளம் 9.1 அங்குலம். ரேட் 480. கம்பியில் வித்தியாசம் வெர்னியரில் 1 மி.மீ.தான். ஆனால் கம்பி விட்டம் நான்காம் அடுக்கில் வருவதால் விறைப்பு 38 சதவீதம் ஏறிவிடுகிறது!

இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் யாராக இருந்தாலும் என்ன சொல்வார்கள்? "ஜி.டி. ஸ்பிரிங் குட்டை. ரோட்ஸ்டரில் போட்டா வண்டி தாழ்ந்துடும்." போட்டுப் பார்ப்போம், பேப்பரில்தான். ரோட்ஸ்டரில் அந்த ஸ்பிரிங் மேல் வரும் நிலை எடை 1030 பவுண்டு. சொந்த ஸ்பிரிங் 2.96 அங்குலம் அமுங்கி 6.94-இல் நிற்கும். ஜி.டி. ஸ்பிரிங் 2.15 மட்டும் அமுங்கி 6.95-இல் நிற்கும். 0.8 அங்குலம் குட்டையான ஸ்பிரிங், காருக்குள் போனதும் அதே உயரம்! எனக்கே இரண்டு தடவை கால்குலேட்டர் தட்ட வேண்டியிருந்தது. ஆகவே நீளத்தைப் பார்த்து ஸ்பிரிங் வாங்குவது செருப்பின் கலரைப் பார்த்து சைஸ் சொல்வது மாதிரி. எடை, ரேட், நீளம் மூன்றும் சேர்ந்தால்தான் உயரம் தெரியும்.

அப்ப எதைத் தேர்ந்தெடுக்கலாம்? சாதாரணமாக ஓட்டும் ரோட்ஸ்டருக்கு 348-தான் என் ஓட்டு. வளைவில் வண்டி சாய்வதுதான் குறை என்றால் ஆன்டி ரோல் பாரைத் தடிமனாக்கலாம். நேர்ரோட்டில் பள்ளம் மேட்டில் உடம்பு குலுங்காது. 480 போட ஆசைப்பட்டால் ஷாக் அப்சார்பரையும் கவனிக்கணும். தேவைப்படும் டாம்பிங், ரேட்டின் வர்க்கமூலத்தோடு கூடுவதால் சுமார் 17 சதவீதம் அதிகம் வேண்டும். பழைய லீவர் டைப்பில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தால் வண்டி துள்ளிக்கொண்டே போகும்.

தாழ்த்த விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பிரிங் ஏறக்குறைய விஷ்போனின் நடுவில், சக்கரமோ முனையில். அதனால் ஸ்பிரிங் அரை அங்குலம் குறைந்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட ஒரு அங்குலம். "ஒரு சுற்று வெட்டிட்டாப் போச்சு" என்கிற யோசனை வேண்டவே வேண்டாம். 7½ சுற்று 6½ ஆனால் ரேட் 400-ஐத் தாண்டும், தட்டில் படியும் முனை போய்விடும், பம்ப் ரப்பருக்கு இருந்த இடைவெளி குறையும். கேஸ் வைத்துச் சூடாக்கித் தாழ்த்துவது அதைவிட மோசம். டெம்பர் போன ஸ்பிரிங் எப்போது எவ்வளவு உட்காரும் என்று சொல்ல முடியாது. 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காக உயர்த்தப்பட்ட ரப்பர் பம்பர் மாடலில் கிராஸ் மெம்பரே வேறு. அதைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர, பழைய மாடலின் ஸ்பிரிங் மட்டும் போதாது.

எப்போதும் ஜோடியாக வாங்குங்கள். வந்ததும் கம்பி விட்டத்தை வெர்னியரில் அளந்து, சுற்றுகளை எண்ணி, ரேட்டை நீங்களே போட்டுப் பாருங்கள். லேபில் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது. பெயிண்ட் தடிமன் கூட நான்காம் அடுக்கில் ஏறும், சுரண்டிவிட்டு அளக்கணும்!

கழற்றும்போது விளையாட்டு வேண்டாம். 348 ஸ்பிரிங் நிலை எடையில் சுமார் 170 ஜூல் சக்தியை அடக்கி வைத்திருக்கிறது. 12 கிலோ இரும்பு 1½ மீட்டர் உயரத்திலிருந்து காலில் விழுவதற்குச் சமம். சக்கரம் தொங்கும்போது கொஞ்சம் குறையும், பூஜ்யமாகாது. பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் நல்ல ட்ராலி ஜாக்கைக் கொடுத்து, மேல் பின்னைக் கழற்றி, ஜாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கணும். முகம், கை எதுவும் ஸ்பிரிங்குக்கு நேரே இருக்கக் கூடாது. தட்டின் போல்ட்டுகளை மட்டும் கழற்றி "மெதுவா இறங்கிடும்" என்று நம்புவது தற்கொலை முயற்சி.

மாட்டி முடித்ததும் விஷ்போன் புஷ் நட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்காதீர்கள். ரப்பர் முறுகி, வண்டி உயரமாக நிற்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் நாலு அடி உருட்டி, அப்புறம் டைட் செய்யுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு உயரத்தை மறுபடி அளந்து, டோ-இன்னையும் ஹெட்லைட் மட்டத்தையும் சரி பாருங்கள்.