எஃப் கார்ட் வரலையா? விரலைத் திட்டுறதுக்கு முன்னாடி கிட்டாரை அளந்து பாருங்க!



நம்ம ஹாஸ்டல்ல ஒவ்வொரு ஃப்ளோர்லயும் ஒரு கிட்டாராவது கட்டிலுக்கு அடியில தூசி பிடிச்சுக் கிடக்கும். ஓனர்கிட்ட கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எஃப் கார்ட் பிடிக்க வரல மச்சி, நமக்கு இதெல்லாம் செட் ஆகாது."

பார் கார்ட் பிடிக்க பயிற்சி வேணும்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இடைவெளி அதிகமா இருந்தா, பல வருஷம் வாசிச்சவங்களுக்கே கை வலிக்கும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கிட்டார் இருக்காது. அதனால பழியைத் தன் விரல் மேல போட்டுட்டு வாசிக்கிறதையே விட்டுடுறாங்க.

இந்த இடைவெளிக்கு 'ஆக்‌ஷன்'னு பேரு. அதை அளக்கிறது, ஸ்ட்ரிங் மாத்துறது, மழைக்காலத்துல கிட்டாரைக் காப்பாத்துறது எல்லாமே ரூம்லயே பண்ணக்கூடிய வேலைதான். அதுக்கு என்ன பொருள் வேணும், எப்படி யூஸ் பண்ணணும், எதைத் தொடவே கூடாதுன்னு இந்தக் கட்டுரையில பார்ப்போம்.

1. ஸ்டீல் ஸ்கேல்

ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்புக்கு வாங்கின ஸ்டீல் ஸ்கேலைத் தேடி எடுங்க. பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம். அதுல பூஜ்யத்துக்கு முன்னாடி கொஞ்சம் இடம் விட்டிருப்பாங்க, அளவு தப்பாயிடும்.

கிட்டாரை முதல்ல சரியா ட்யூன் பண்ணுங்க. அப்புறம் 12-வது ஃப்ரெட் மேல ஸ்கேலை நிறுத்தி, ஃப்ரெட்டோட உச்சியில இருந்து ஸ்ட்ரிங்கோட அடிப்பக்கம் வரைக்கும் அளங்க. ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டார்ல தடியான ஆறாவது ஸ்ட்ரிங்குக்கு 2.5 மி.மீ., மெல்லிய முதல் ஸ்ட்ரிங்குக்கு 2 மி.மீ. பக்கத்துல இருந்தா வாசிக்க வசதியா இருக்கும். 3 மி.மீ. தாண்டிட்டா எஃப் கார்ட் உங்களைப் படுத்தத்தான் செய்யும். நைலான் ஸ்ட்ரிங் போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்குக் கணக்கு வேற. அதுல 3-ல இருந்து 4 மி.மீ. வரைக்கும் சாதாரணம்.

வாங்கும்போது நல்லா இருந்தது இப்போ ஏன் ஏறிடுச்சு?

லெவன்த் பிசிக்ஸ் லேப்ல சோனோமீட்டர் பண்ணினது ஞாபகம் இருக்கா? கம்பியோட அதிர்வெண், இழுவிசையோட வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்துல இருக்கும். கிட்டாரும் அதே சோனோமீட்டர்தான், ஆறு கம்பி இருக்கு, அவ்வளவுதான். 12-53னு விக்கிற லைட் செட்டைப் போட்டு ட்யூன் பண்ணினா ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும். மெல்லிய 10-47 செட்னா சுமார் 60 கிலோ. ராத்திரி பகலா ஒரு ஆளோட எடை அந்த மெல்லிய பலகையில தொங்கிட்டே இருக்கு. அதனால நெக் முன்பக்கமா வளையும், பிரிட்ஜுக்குப் பின்னாடி பலகை மெல்ல உப்பும். ரெண்டுமே ஆக்‌ஷனை ஏத்தும்.

இதுல ஈரப்பதமும் சேர்ந்துக்கும். மரம் ஈரத்தை உறிஞ்சி விரியும், காஞ்சா சுருங்கும். 45-ல இருந்து 55 சதவீத ஈரப்பதம்தான் கிட்டாருக்கு நல்லதுன்னு பெரிய கம்பெனிகள் சொல்லுது. சென்னையில ஐப்பசி, கார்த்திகை மழையில அது 80-ஐத் தாண்டுறது சாதாரணம். பலகை உப்புறதுக்கு இது போதும். நேர்மாறா, நாள் முழுக்க ஏசி ஓடுற ரூம்ல மரம் காஞ்சு சுருங்கும். நெக்கோட ஓரத்துல ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுதுன்னா ஃப்ரெட்போர்டு சுருங்கியிருக்குன்னு அர்த்தம்.

இங்கயே ஒரு எச்சரிக்கை. கிளாசிக்கல் கிட்டார்ல ஸ்டீல் ஸ்ட்ரிங் போடாதீங்க. நைலான் செட் சுமார் 40 கிலோதான் இழுக்கும், அந்த கிட்டாரோட உள் கட்டைகளும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். "சத்தம் நல்லா வரும்டா"ன்னு யாராவது ஸ்டீல் மாட்டிவிட்டா கொஞ்ச நாள்ல பலகை உப்பி பிரிட்ஜ் பிச்சுக்கிட்டு வந்துடும்.

2. துணியும் ட்யூனரும்: தினமும் தேவை

மைக்ரோஃபைபர் துணி ஒண்ணு கிட்டார் பையிலயே இருக்கட்டும். வாசிச்சு முடிச்சதும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் மேலயும் அடியிலயும் துடைங்க. நம்ம ஊர் வியர்வைக்கு ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். அரை நிமிஷ வேலை, ஸ்ட்ரிங்கோட ஆயுசு நல்லா கூடும்.

ட்யூனர்ல கிளிப் மாடல் வாங்குங்க. மொபைல் ஆப் மைக் வழியா கேக்குது, அதனால பக்கத்து ரூம் பாட்டையும் ஃபேன் சத்தத்தையும் சேர்த்தே கேக்கும். கிளிப் ட்யூனர் மரத்தோட அதிர்வை நேரடியா உணருது, எவ்வளவு இரைச்சல்லயும் வேலை செய்யும். ட்யூன் பண்ணும்போது எப்பவுமே கீழே இருந்து மேல ஏத்துங்க. அளவு தாண்டிட்டா நல்லா இறக்கிட்டு மறுபடி ஏத்துங்க. ட்யூனிங் கீக்குள்ள இருக்கிறது வார்ம் கியர். மேல இருந்து இறக்கி நிறுத்தினா பேக்லாஷ் மிச்சம் இருக்கும், ரெண்டு நிமிஷத்துல சுருதி இறங்கிடும்.

3. ஸ்ட்ரிங் மாத்த: வைண்டர், கட்டர், பென்சில்

ஸ்ட்ரிங் கறுத்துப் போச்சு, அடியில தடவினா சொரசொரன்னு இருக்கு, ட்யூன் பண்ணியும் கார்ட் ஒட்டலன்னா மாத்துற நேரம் வந்தாச்சு.

வைண்டர் சின்ன பிளாஸ்டிக் பொருள்தான், கீயைச் சுத்துற வேலையை ரொம்பக் குறைக்கும். அதோட ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும், பிரிட்ஜ் பின்னைக் கழட்ட அதுதான். பின் டைட்டா இருந்தா பிளையர் போட்டு இழுக்காதீங்க, உடையும். ஸ்ட்ரிங்கை முழுசா லூஸ் பண்ணிட்டு, சவுண்ட் ஹோல் வழியா கையை விட்டு, ஒரு நாணயத்தால பின்னை உள்ளேயிருந்து மேல தள்ளுங்க.

கட்டருக்குத் தனியா செலவு வேண்டாம். இசிஇ பசங்ககிட்ட இருக்கிற சைடு கட்டரே போதும். ஸ்ட்ரிங் டைட்டா இருக்கும்போது மட்டும் வெட்டாதீங்க, கண்ணுல அடிக்கும்.

புது ஸ்ட்ரிங்கோட குண்டு முனையை ஓட்டையில விட்டு, பின்னை லேசா வெச்சுட்டு ஸ்ட்ரிங்கை மேல இழுங்க. குண்டு உள்ள இருக்கிற பலகையில போய் உக்காரும். அதுக்கப்புறம் பின்னை அழுத்துங்க. இந்த ஸ்டெப்பை விட்டா ட்யூன் பண்ணும்போது பின் பறந்து வரும்.

கீயில சுத்துறதுக்கு முன்னாடி, நட்ல ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளத்துல 2பி பென்சிலால ரெண்டு கோடு போடுங்க. கிராஃபைட் நல்ல லூப்ரிகன்ட். ட்யூன் பண்ணும்போது 'டிங்'னு ஒரு சத்தம் வந்து சுருதி எகிறுதே, அது குறையும். மெல்லிய ஸ்ட்ரிங்குகளுக்கு ரெண்டு மூணு சுத்து போதும். மாட்டி முடிச்சதும் ஒவ்வொண்ணையும் மெதுவா மேல இழுத்து விட்டு, மறுபடி ட்யூன் பண்ணுங்க. மூணு நாலு தடவை பண்ணினா நிலைச்சு நிக்கும்.

4. பை, ஹைக்ரோமீட்டர், சிலிகா ஜெல்

சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கி கிட்டார் பைக்குள்ள போடுங்க. விலை சில நூறு ரூபாய்தான். 65-க்கு மேலயே நின்னா சிலிகா ஜெல் பாக்கெட் வைங்க, 40-க்குக் கீழ போனா எடுத்துடுங்க. ஷூ பெட்டியில வந்த பாக்கெட் அநேகமா ஏற்கெனவே ஈரத்தைக் குடிச்சு முடிச்சிருக்கும், புதுசு வாங்கிக்கோங்க. மழைக்காலத்துல ஓதம் அடிக்கிற சுவத்துல கிட்டாரைச் சாய்க்காதீங்க.

வெயில்ல நிறுத்தின கார்ல கிட்டாரை விட்டுட்டுப் போகவே கூடாது. உள்ள ஏறுற சூட்டுல பிரிட்ஜ் ஒட்டின பசையே இளகும். செமஸ்டர் லீவுக்கு மாசக்கணக்குல ஊருக்குப் போறீங்கன்னா எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரு முழு சுரம் இறக்கிட்டுப் போங்க. பாரம் குறையும்.

5. எதை வெச்சு சுத்தம் பண்ணலாம், எது கூடாது

பாடிக்கு லேசா ஈரமான துணியும் அடுத்து காஞ்ச துணியும் போதும். சானிடைசர், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம், பாலிஷ் கெட்டுடும்.

ரோஸ்வுட் மாதிரி பாலிஷ் போடாத கறுப்பு, பழுப்பு ஃப்ரெட்போர்டுக்கு கிட்டார் கடையில விக்கிற லெமன் ஆயில் நாலஞ்சு சொட்டு, வருஷத்துக்கு ரெண்டு தடவை. தடவி ரெண்டு நிமிஷம் விட்டு முழுசா துடைச்சு எடுங்க. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம். பிசுபிசுன்னு தூசி பிடிச்சு சிக்கு வாடை அடிக்கும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரும் கூடாது, ஃப்ரெட்ல கீறல் விழும்.

6. ஆலன் கீ: இங்க பொறுமை முக்கியம்

நெக்குக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கும். ஸ்ட்ரிங் நெக்கை முன்னாடி இழுக்குது, இந்த ராட் எதிர்ப்பக்கம் இழுத்து சமன் பண்ணுது. விலை குறைஞ்ச சில மாடல்கள்ல அட்ஜஸ்ட் பண்ற ராடே இருக்காது. ஹெட்ஸ்டாக்ல சின்ன மூடிக்கு அடியிலயோ, சவுண்ட் ஹோலுக்குள்ளயோ ஆலன் கீ போடற இடம் இருக்கான்னு பாருங்க. 4 அல்லது 5 மி.மீ. சைஸ்தான் அதிகம் வரும். சரியா பொருந்தாத கீயைப் போட்டுத் திருப்பாதீங்க.

திருப்புறதுக்கு முன்னாடி அளக்கணும். முதல் ஃப்ரெட்ல கேப்போ போடுங்க. நெக்கும் பாடியும் சேர்ற 14-வது ஃப்ரெட்ல ஆறாவது ஸ்ட்ரிங்கை அழுத்துங்க. இப்போ ஸ்ட்ரிங்தான் உங்க ஸ்ட்ரெயிட் எட்ஜ். 7-வது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல 0.2 - 0.3 மி.மீ. இடைவெளி இருக்கணும். பைக் மெக்கானிக் டேப்பட் செட் பண்ற ஃபீலர் கேஜ் இதுக்குக் கச்சிதம்.

இடைவெளி அதிகம்னா, கீ போடற முனையை நேரா பார்த்தபடி கடிகார திசையில டைட் பண்ணுங்க. இடைவெளியே இல்லன்னா எதிர்த்திசை. ஒரு தடவைக்குக் கால் சுத்துக்கு மேல வேண்டாம். மறுபடி ட்யூன் பண்ணி அளந்துட்டுத்தான் அடுத்தது. திரும்ப மாட்டேங்குதுன்னா பலம் காட்டாதீங்க, அங்கேயே நிறுத்திடுங்க.

7. உப்புத்தாள்: ஆக்‌ஷனைக் குறைக்க

நெக் சரியா இருந்தும் ஆக்‌ஷன் அதிகம்னா சேடிலைத் தேய்க்கணும். பிரிட்ஜ் மேல வெள்ளையா நிக்கிற பட்டைதான் சேடில். கணக்கு வடிவொத்த முக்கோணம்தான். 12-வது ஃப்ரெட் ஸ்ட்ரிங்கோட நடுவுல இருக்கிறதால, சேடில்ல 1 மி.மீ. குறைச்சா அங்க 0.5 மி.மீ. குறையும். 3.2 மி.மீ.-ஐ 2.5-க்குக் கொண்டுவரணும்னா தேவை 0.7, தேய்க்க வேண்டியது 1.4 மி.மீ.

ஸ்ட்ரிங்கை லூஸ் பண்ணி சேடிலை உருவுங்க. ஒட்டியிருந்தா விட்டுடுங்க. தேய்க்க வேண்டியது அடிப்பக்கம் மட்டும். அங்க பென்சில் கோடு போட்டு, கண்ணாடி மாதிரி சமமான இடத்துல உப்புத்தாளை வெச்சு, நேரா தேய்ங்க. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தி மாட்டிப் பாருங்க. குறைக்கலாம், திருப்பி ஏத்த முடியாது. சேடில் ஏற்கெனவே பிரிட்ஜ்ல முக்கால்வாசி மூழ்கியிருந்தா தேய்க்காதீங்க, அது வேற பிரச்சினை.

சத்தம் வந்தா காரணம் எங்க?

முதல் நாலஞ்சு ஃப்ரெட்ல மட்டும் 'பஸ்'னு வந்தா நெக் ரொம்ப நேராயிருக்கலாம். மேல் ஃப்ரெட்கள்ல வந்தா சேடில் தாழ்ந்திருக்கலாம். எதையும் அழுத்தாம வாசிக்கும்போது மட்டும் வந்தா நட் பள்ளம் ஆழமாயிருக்கலாம். எங்க வாசிச்சாலும் கடகடன்னா முதல்ல ட்யூனிங் கீயோட ஸ்க்ரூவையும் நட்டையும் செக் பண்ணுங்க. சின்ன ஸ்க்ரூடிரைவரும் 10 மி.மீ. ஸ்பேனரும் இருந்தா பல நேரம் அங்கேயே முடிஞ்சிடும்.

எப்போ கடைக்குப் போகணும்?

பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு பேப்பர் உள்ளே நுழையுற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தா ஸ்ட்ரிங்கை இறக்கிட்டு அன்னைக்கே எடுத்துட்டுப் போங்க. ஃபெவிக்விக் ஊத்தாதீங்க. அப்புறம் சரி பண்றவருக்கு ரெண்டு வேலை. பலகையில விரிசல், தேஞ்ச ஃப்ரெட், நட் பள்ளம் இதெல்லாம் தனி அரம், தனிப் பழக்கம் வேணும்ங்கிற வேலை. "ஆறாவது ஸ்ட்ரிங்ல ஆக்‌ஷன் 3.4 இருக்கு, 2.5 வேணும்"னு அளவோட சொல்லிப் பாருங்க. ரிப்பேர் பண்றவர் உங்களை மதிச்சுப் பேசுவார்.

எந்த வரிசையில வாங்கலாம்?

இந்த மாசம் துணி, கிளிப் ட்யூனர். அடுத்து ஸ்ட்ரிங் வாங்கும்போது கூடவே வைண்டர். மழைக்கு முன்னாடி ஹைக்ரோமீட்டரும் சிலிகா ஜெல்லும். ஆலன் கீ, ஃபீலர் கேஜ், உப்புத்தாள் ஃப்ளோருக்கு ஒரு செட் இருந்தா போதும், பங்கு போட்டு வாங்கிக்கலாம். பென்சிலும் ஸ்கேலும் எல்லார்கிட்டயும் இருக்கு.

இன்னைக்கு நைட் கட்டிலுக்கு அடியில இருக்கிற அந்த கிட்டாரை எடுங்க. ட்யூன் பண்ணி, 12-வது ஃப்ரெட்ல அளங்க. 2.5 வந்தா பயிற்சியைத் தொடருங்க. 3.5 வந்தா முதல்ல கிட்டாரைச் சரி பண்ணிட்டு, எஃப் கார்டுக்கு இன்னொரு சான்ஸ் குடுங்க.