முதல் குதிரை வாங்கும் முன்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால், முன்னங்காலைத் தூக்கி ஆடும் குதிரையைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். நாற்பது வயதில் சவாரி பழகுகிறவருக்கு அது வேண்டாம். 8 முதல் 15 வயதுக்குள், பலர் ஏறிப் பழகிய, சாதுவான குதிரையே தோது. நிறம், சுழி எல்லாம் அப்புறம். சுழி சுத்தமான குதிரையும் உதைக்கும்.

விற்பவரின் இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே போங்கள். முதுகு ஏற்கெனவே வியர்த்திருந்தால், துள்ளல் தெரியாமலிருக்க ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம். கடிவாளம் மாட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் உங்கள் கண் முன்னே செய்யச் சொல்லுங்கள். காதை மடக்குகிறதா, சேணவார் இறுக்கும்போது கடிக்கத் திரும்புகிறதா, நாலு குளம்பையும் தூக்க விடுகிறதா? முதலில் விற்பவர் ஏறட்டும். பிறகு நீங்கள், ஆரன் அடிக்கும் சாலையோரத்திலும் கொஞ்ச தூரம்.

தார்ச்சாலையில் நேராக ஓட்டிப் பாருங்கள். ஒரு முன்னங்கால் ஊன்றும்போதெல்லாம் தலை மேலே எழும்பினால் அந்தக் காலில் வலி.

எடையும் முக்கியம். நீங்களும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ.

பல்லைப் பார்த்து வயது சொல்வதை நீங்கள் அழைத்துப் போகும் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள், விற்பவரின் மருத்துவரிடம் அல்ல. கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் முன்பணம் தராதீர்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது.