கடல்நீர் மீன் தொட்டி: வற்றினால் நன்னீரே ஊற்றுக

கோமாளி மீன் வளர்க்கும் அன்பர்கள் பலர், தொட்டி நீர் வற்றினால் கடல்நீரையே ஊற்றி நிரப்புகிறார்கள். இது கூடாது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் வற்றி, அதைக் கடல்நீரால் ஈடுசெய்தால் உப்பு 38.5 கிராமாக ஏறும். இப்படியே தொடர்ந்தால் மீன் மிஞ்சாது.

கண்ணாடியில் நீர்மட்டத்தைக் கோடிட்டு வைத்து, குறைவதை நன்னீரால் தினமும் சிறிது சிறிதாக நிரப்பவும். ஆர்.ஓ. நீர் சிறந்தது, போர்வெல் உப்புநீர் ஆகாது. கடல்நீர், பழைய நீரை வெளியேற்றிப் புதுநீர் மாற்றும்போது மட்டுமே.

அழகுக்காக மன்னார் வளைகுடாப் பவளம் தேடுவோரும் உண்டு. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். தொட்டிக்குச் சுட்ட மண்ணோடுகளே போதும். மீன் அவற்றில் நன்றாகவே ஒதுங்கும்.